கீழே கருத்தைச் சொல்லவும்

— இல்ல பாப்பா, சீட்டு சேக்க வரல, பொடவ விக்கவும் வரல. கருத்து சொல்ல வந்துகீறேன். நீ தானே கேட்டே.

— நான் கேட்டேனா? அக்கா, உங்கள நான் பாத்ததே இல்ல. வூடு மாறி வந்துட்டீங்களா?

— உம் பேரு பிரியங்கா தானே?

— ஆமா.

— போன்ல படிப்பு சேதி எயுதறது நீ தானே? எந்தப் புள்ளைக்கு எந்த ஸ்காலர்ஷிப்பு, எந்த சர்ட்டிபிகேட்ட எங்க போய் வாங்கணும்னு.

— ஆமாக்கா. பிளாக். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அப்ப வூடு சரியாத்தான் வந்துகீறேன். கொஞ்சம் தண்ணி குடு. எம் பேரு அம்முலு. மானாம்பதி ஏரிக்கரையில எங்க இருளர் தெரு. தெருவே சேந்து என்ன அனுப்பிச்சிகீது. "கீழே உங்கள் கருத்தைச் சொல்லவும், ஒருவராவது சொல்லவும்"னு போட்டுட்டியாமே. ஒருத்தி வாய விட்டுக் கேட்டா பதில் சொல்லணும் இல்ல?

— அய்யோ, கீழன்னா அந்தப் பக்கத்துக்கு அடியில ஒரு கட்டம் இருக்கும்க்கா. அதுல டைப் பண்றது.

— எம் பொண்ணு நிஷா அதத்தான் அமுக்கி அமுக்கிப் பாத்தா. மெயிலு கேக்குது, பாஸ்வேடு கேக்குது, கடைசில நீ மனுசனா மிசினான்னு கேக்குது. அதுக்குள்ள போனு செத்துப் போச்சு. எங்க இருசப்பன் மாமா தான் சொல்லிச்சு, மனுசனான்னு கேட்டா நேர்ல போய் நின்னா தானே தெரியும், அம்முலு நீ கெளம்புன்னு.

— ம்மா. அம்மா, இங்க கொஞ்சம் வாயேன்.

— இன்னாடி, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு கீறேன். யாரு இது?

— மானாம்பதிலேர்ந்து வந்துகீறாங்கம்மா. நான் எழுதுனதக் கேட்டுட்டு.

— நீ எயுதுனதையா? நல்லா கீது போ. ஏம்மா, வெயில்ல நிக்காத, உள்ள வந்து உக்காரு. நானும் பாத்துக்கினு தான் கீறேன், எந்நேரமும் போன தட்டிக்கினே இருப்பா. இன்னா தட்டறான்னு எனக்கு இன்னா தெரியும், நான் கைநாட்டு. அட்ரசு கூடவா போட்டு வெச்சிகீறே நீ?

— இல்லம்மா, ஊரு பேரு மட்டும் தான் போட்டேன். எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க?

— நீ தான் சொல்லிகீறியே பாப்பா. "எங்கள் தெரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருக்கிறது. மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். இன்று வருமானச் சான்று வாங்கப் போக முடியாத பிள்ளைகள் பயப்பட வேண்டாம், கடைசி தேதியை நீட்டித்திருக்கிறார்கள்." உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல எறங்குனேன், ரைஸ் மில்லு எங்கன்னு கேட்டேன். மில்லாண்ட வந்து, மயை பேஞ்சா தண்ணி நிக்கிற தெரு எதுன்னு கேட்டேன். கைய காட்டிட்டாங்க.

— அக்கா, அது நான் போன வருசம் எழுதுனது. அப்படியே சொல்றீங்க.

— வேற எப்படிச் சொல்றது?

— படிச்சி மனப்பாடம் பண்ணீங்களா?

— அத்த கேளு. எனக்கு எங்க படிக்கத் தெரியும், யக்கா மாதிரி நானும் கைநாட்டு தான். நிஷா படிப்பா, நாங்க கேப்போம்.

— நாங்கன்னா?

— தெருவு தான். எங்க தெருவுல அந்த மாதிரி போனு ஒண்ணே ஒண்ணு. வூட்டாண்ட டவரு கெடைக்காது, ஏரிக்கர மேல ஏறுனா தான் கெடைக்கும். சாயந்திரம் வேலைக்குப் போனவங்கல்லாம் வந்தப்புறம் கரை மேல போய் உக்காந்துக்குவோம். பக்கத்து காலனிலேர்ந்து ஏஞ்சலு, அவங்கம்மா கூட வருவாங்க. நிஷா ஒரு வரி படிப்பா, நாங்க திருப்பிச் சொல்லுவோம். இன்னொரு வரி படிப்பா, அதையும் சொல்லுவோம்.

— ஏம்மா, திருப்பி எதுக்குச் சொல்றீங்க? காதுல வுயுந்தா போதாதா?

— எங்கள்து அப்படித்தான்க்கா. கன்னிமாருக்குப் பாட்டு எடுத்தா ஒருத்தர் எடுத்துக் குடுப்பாங்க, மத்தவங்க திருப்பிப் பாடுவாங்க. எங்க ஆளுங்களுக்கு ஏது எயுத்து, எல்லாம் வாய் தான். திருப்பிச் சொன்னா தான் நிக்கும். எங்க இருசப்பன் மாமா இன்னா பண்ணும் தெரியுமா, "மேலும் விவரங்களுக்கு கீழே உள்ள இணைப்பை அழுத்தவும்"னு நீ போடுவியே, அத்தயும் சேத்து கண்ண மூடிக்கினு சொல்லும். அது மந்திரம்னு நெனச்சிக்கிச்சு. இணைப்புன்னா இன்னான்னு நிஷா எவ்ளோ சொல்லியும் கேக்கல, வுடாம சொல்லும்.

— சிரிக்காதம்மா. அக்கா, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. என் பிளாக்க எத்தன பேர் படிக்கறாங்கன்னு எனக்குக் காட்டும். எப்பவுமே ஒண்ணுன்னு தான் காட்டும். ரெண்டு வந்தா, ஒண்ணு நானே தொறந்து பாத்ததா இருக்கும். யாரோ வேல இல்லாம சுத்தறவங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அந்த ஒண்ணு நீங்களா?

— போனு ஒண்ணு தானே பாப்பா. அதுக்கு எங்களயெல்லாம் எண்ணத் தெரியுமா.

— எத்தன பேர் உக்காருவீங்க?

— கைக்கொயந்த, கெயவங்க, எல்லாரும் தான். யாரு எண்ணுனா. ஆனா கரையில உக்காந்தது கொஞ்சம் பேரு. கடக்கரையில கேட்டவங்க தான் நெறைய.

— எந்தக் கடக்கரை?

— மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போவோம் இல்ல, எங்க கன்னியம்மாள கும்புட. ராத்திரிக்கே போயி மணல்ல தங்கிடுவோம். பொன்னேரி, செஞ்சி, வந்தவாசி, எங்கெங்கேர்ந்தோ எங்க ஆளுங்க வருவாங்க. பொண்ணு பாக்கறது, கண்ணாலம் பேசறது, யாரு செத்தாங்க, யாருக்குப் பொறந்துச்சுன்னு கேக்கறது, எல்லாம் அங்க தான். இந்த வருசம் எங்க சிட்டம்மா பெரிம்மா, உன் ஹாஸ்டல் சேதிய எடுத்துச்சு. எதுத்தாப்ல உக்காந்திருந்த செஞ்சி ஆளுங்க திருப்பிச் சொன்னாங்க. அவங்களுக்குப் பின்னாடி கீறவங்க இன்னா இன்னான்னு கேட்டாங்க, அவங்களுக்கு இவங்க சொன்னாங்க. விடியற வரைக்கும் அது தான் போச்சு. அலை சத்தத்துல கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே போச்சு பாப்பா.

— நான் எழுதுனதையா?

— நீ எயுதுனத தான். "விடுதியில் சேர விரும்பும் பழங்குடி மாணவர்கள்"னு தொடங்கும் பாரு, அது. செஞ்சியாண்ட ஒரு பொண்ணு அத்தக் கேட்டுட்டுப் போயி ஹாஸ்டல்ல சேந்துடுச்சாம். சேதி அனுப்பிச்சாங்க. அவங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது.

— நல்லா கீது போ. ஏன்டி, உனக்கு இதெல்லாம் தெரியுமா?

— தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. ம்மா, கொஞ்சம் டீ போடேன்.

— அடுப்புல கீது, காயட்டும். நான் எங்கயும் போகல. நீ சொல்லும்மா.

— அக்கா, அப்ப ஆடியிலேர்ந்து ஏன் நின்னு போச்சு? அந்த ஒண்ணும் வரல. எது எழுதுனாலும் சைபரு. எழுதறதே தப்பா எழுதறனோ, யாருக்கும் ஒதவாதத எழுதறனோன்னு ராவெல்லாம் தூக்கம் வராது.

— ஆடியில தான் நிஷா காலேஜு போயிட்டா. போனும் அவளோட போச்சு.

— காலேஜா?

— செங்கல்பட்டுல. கணக்கு எடுத்துகீறா, பி.எஸ்சி. ஹாஸ்டல்ல தான் தங்கிக்கினு கீறா. அங்க நெட்டுக்குப் போட காசு இல்ல, லீவுக்கு வந்தப்ப தான் நீ கருத்து கேட்டத படிச்சா. நீ சொன்ன மாதிரியே தான் பண்ணோம். சாதி சர்ட்டிபிகேட்டுக்கு மொதல்லயே மனு குடுன்னே, குடுத்தோம். பேங்க்கு கணக்குல ஆதார சேத்துடுன்னே, சேத்தோம். "ஆதார் எண் இணைக்காத கணக்குக்குப் பணம் வராது, திரும்பிப் போய்விடும்." அத்த பேங்க்கு வாசல்ல நின்னுக்கினு நான் அப்படியே சொன்னேன், அந்த மேடமே திரும்பிப் பாத்தாங்க. எங்க தெருவுல காலேஜு வாசப்படி ஏறுன மொத கொயந்த அது தான் பாப்பா.

— அப்ப அந்த சைபரு...

— போனு போனதுக்கு சைபரு. புள்ள போனதுக்கு ஒண்ணுன்னு போட்டுக்க.

— அக்கா, அந்த சைபரப் பாத்துப் பாத்து நான் எவ்ளோ அழுதேன் தெரியுமா. அது நிஷா காலேஜு போனதா. அம்மா, கேட்டியா?

— கேட்டுக்கினு தான் கீறேன். ஆனா நீ காலைல பண்ணத சொல்லு அதுகிட்ட. பாவம், பஸ் ஏறி வந்துகீது.

— இரும்மா.

— இன்னா பாப்பா? காலைல இன்னா?

— அக்கா, லீவுக்கு நிஷா வந்தப்ப அந்தக் கடைசி பதிவ படிச்சா இல்ல, ஒருத்தராவது கருத்து சொல்லுங்கன்னு. அன்னிக்கு ஒண்ணுன்னு காட்டுச்சு. ரொம்ப நாள் கழிச்சி. எனக்கு உசுரே வந்துச்சு. தெனமும் தொறந்து பாத்தேன். கருத்து எதுவும் வரல. சரி, படிச்சிட்டு ஒரு வார்த்தை கூட சொல்லாம போயிட்டாங்கன்னு நெனச்சேன். இன்னிக்குக் காலைல எல்லாத்தயும் அழிச்சிட்டேன்.

— அயிச்சிட்டியா? எத்த?

— எல்லாத்தயும். மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும். நிரந்தரமா அழிக்கவான்னு கேட்டுச்சு, ஆமான்னு அமுக்கிட்டேன். நீங்க பஸ் ஏறுன நேரமா இருக்கும். இனிமே வராதுக்கா. என்னாண்டயும் வேற எங்கயும் இல்ல, போன்லயே நேரா எழுதுனது.

— நான் அப்பவே சொன்னேன்மா, ரெண்டு நாளு பொறுடின்னு. எதையும் அவசரமா தான் பண்ணுவா. காலேஜயும் இப்படித்தான் பாதில வுட்டுட்டு வந்தா. மாட்ட வித்தாவது படிக்க வெக்கிறேன்டின்னேன். எனக்குப் படிப்பு ஏறலன்னு பொட்டியோட வந்து வாசல்ல நின்னா. ரொம்ப நாளு இவ மூஞ்சப் பாத்துக்கூட நான் பேசல.

— படிப்பு ஏறலன்னா சொல்லிச்சு பாப்பா?

— அக்கா, அத வுடுங்க. நீங்க கருத்து சொல்ல வந்தீங்க இல்ல, சொல்லுங்க. கேக்கறேன்.

— சொல்லத்தான் போறேன். வந்த வேலைய முடிச்சிட்டு மத்தத பேசுவோம். இருசப்பன் மாமா சொல்லிச்சு, பழங்குடி சான்று பத்தி எயுதுனது நல்லாத்தான் கீது, ஆனா "எளிதில் பெறலாம்"னு போட்டுட்டியாம். எங்களுக்கு அது எளிசு இல்ல, எங்க பாட்டன் பேரு எந்தக் காயிதத்துல கீது, அந்த ஒரு வார்த்தைய மட்டும் திருத்தச் சொல்லுன்னுச்சு. கோவத்துல சொல்லல.

— நெஜம் தான்க்கா. நான் யோசிக்காம போட்டது.

— சிட்டம்மா பெரிம்மா சொல்லிச்சு, சின்னதா எயுதச் சொல்லு, கொசு கடி தாங்கலன்னு. அப்புறம் வேதகிரி. அவம் பொண்ணு ஹாஸ்டல்ல சேந்து இப்ப ஒம்பதாவது படிக்குது. நீ இன்னா சொல்றேன்னு எல்லாரும் கேட்டாங்க. சொல்லு சொல்லுன்னு ரெண்டு தபா தொறந்தான் வாய, அய்துட்டான். அத்தத் தான் போயி சொல்லணும்னு சொல்லிட்டாங்க. வேதகிரி அய்தான், அதான் அவன் கருத்து.

— ம்.

— நீயும் அயுவாத பாப்பா, இன்னும் கீது. நிஷா சொல்லச் சொன்னா, ஹாஸ்டல்ல அவ ரூம்ல கீற பொண்ணுங்களுக்கும் இவ தான் சொல்றாளாம், அடுத்த வருசம் மறக்காம புதுப்பிக்கணும்னு. நெறைய பேருக்கு அது தெரியவே தெரியாதாம், ஒரு தபா குடுத்துட்டா மூணு வருசமும் தானா வரும்னு இருந்துட்டாங்களாம். அப்புறம் ஏஞ்சலு. பன்னெண்டாவது படிக்கிது. அதுக்கு நர்சிங்கு படிக்கணும்னு ஆசை. எப்ப, எப்படி, இன்னா பண்ணணும்னு அக்காவ எயுதச் சொல்லுங்கன்னு என் கைய புடிச்சிக்கினு சொல்லி அனுப்பிச்சிகீது. நான் இன்னிக்குப் போனதும் மொதல்ல ஓடி வந்து நிக்கப் போறது அது தான்.

— இப்ப நான் எதுல எழுதுவேன்க்கா? திரும்பத் தொடங்கலாம். ஆனா அந்தப் பழசெல்லாம் போச்சே. ஒவ்வொண்ணும் எத்தன பேரக் கேட்டு, எத்தன ஆபீசு ஏறி எழுதுனது. அத்தனையும் ஒரு அமுக்குல போச்சு.

— எங்க போச்சு?

— அழிச்சிட்டேன்னு சொல்றனே.

— அது உன் போன்ல. எங்கள்து அப்படியே தான் கீது. நீ ஒரு புது நோட்டோ போனோ எடு, நான் சொல்றேன், எயுது. சாதி சான்று இருசப்பன் மாமாகிட்ட கீது. ஹாஸ்டலு சேதி சிட்டம்மா பெரிம்மா. பேங்க்கு சேதி எனக்கே தெரியும். யாருக்கு எது ஒதவுச்சோ அவங்களாண்ட அது பிசகாம கீது. ஞாயித்துக்கெயம நீயே வா, கரையில உக்காந்து ஒவ்வொருத்தரா சொல்றோம்.

— எல்லாமுமா? நான் எழுதுன எல்லாமுமா?

— அந்த அமுக்கற மந்திரம் வரைக்கும்.

— நல்லா கீது போ. நான் பெத்தவ, ஒரே வூட்டுல கீறேன், எனக்கு ஒரு வரி தெரியாது. எங்கேயோ மானாம்பதில கீறவங்களுக்கு எல்லாம் தெரியுது. எங்க, ஒண்ணு சொல்லும்மா, நானும் கேக்கறேன்.

— பேங்க்கு பத்தி சொல்லுங்கக்கா. அது நல்லா இருக்கும்.

— நடுவுல எடுத்தா எனக்கு வராது பாப்பா. மொதல்லேர்ந்து தான் வரும். சாமிய கூப்புட்டுட்டு தானே பாட்டு எடுப்போம். அந்த மாதிரி நீ மொத மொதல்ல எயுதுனத சொல்லிட்டு தான் தெனமும் புது சேதிய படிப்போம். சின்னப் புள்ளைங்களுக்கு கூட அது தெரியும்.

— அக்கா, அது வேணாம். அது சும்மா என்னப் பத்தி எழுதுனது. ம்மா, டீ பொங்கிடப் போவுது பாரு.

— பொங்கட்டும். நான் கேக்கணும். ஏன்டி, நான் கேட்டா இன்னா?

— அக்கா, ப்ளீஸ்.

— எல்லார் கருத்தும் சொல்லிட்டேன் பாப்பா, என்தச் சொல்லல இன்னும். நானும் ஒரு பொண்ணப் பெத்து வெச்சிகீறேன். எனக்குத் தெரியாம அது ஒண்ண மனசுல வெச்சிக்கினு சொமந்தா எனக்குத் தாங்காது. நான் பஸ்சுல வர்றப்பவே, உங்கம்மா வூட்டுல இருக்கணும்னு வேண்டிக்கினு தான் வந்தேன். அது தான் என் கருத்து.

— இன்னாம்மா சொல்றே நீ? எனக்குத் தெரியாம இன்னாத்த சொமந்தா இவ?

— கேளுக்கா. ஒரு பிசகு இல்லாம சொல்றேன். "வணக்கம். என் பெயர் பிரியங்கா. எனக்குப் படிப்பு ஏறாமல் இல்லை. வகுப்பில் இரண்டாவதாக வந்தேன். முதல் ஆண்டு எனக்கு உதவித்தொகை வந்தது. அதை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்தபோது கடைசி தேதி முடிந்துவிட்டது."

— அக்கா, போதும்.

— நீ சும்மா இருடி. நீ சொல்லும்மா.

— "வீட்டில் ஒரு மாடு இருக்கிறது. அதன் பாலில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். உண்மையைச் சொன்னால் அம்மா அதை விற்று என்னைப் படிக்க வைப்பாள். அதனால் படிப்பு ஏறவில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை, ஆகவே உங்களுக்கு நான் சொல்கிறேன். இது அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்."